என் வேலைக்கான விளம்பரம்

நான் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கு ஆள் தேவை என்று என் கம்பெனியே விளம்பரம் கொடுத்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வந்தது. நியூ ஜெர்சி மாநில வேலைவாய்ப்புத் தளத்தில் ஒரு மாதம் கிடந்தது. அலுவலகத்தில் காபி மெஷினுக்குப் பக்கத்துப் பலகையில், பதவி, சம்பளம், செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் போட்டு ஒரு தாளைக் குத்தி வைத்தார்கள். காபி எடுக்க வருகிறவர்கள் கப் நிறைகிற வரைக்கும் அதைப் படிப்பார்கள். நான் வந்து நின்றால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். என் பெயர் அதில் இல்லை. ஆனால் அந்த மாடியில் அந்த வேலையைச் செய்கிறவள் நான் ஒருத்திதான்.

கிரீன் கார்டுக்குக் கம்பெனி விண்ணப்பிப்பதில் முதல் படி இது. இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் எவரும் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறைக்குக் காட்ட வேண்டும். அதற்காக விளம்பரம் செய்ய வேண்டும். யாராவது வந்தால் நேர்காணல் செய்ய வேண்டும். வந்தவர் தகுதியானவர் என்றால் என் ஃபைல் அங்கேயே நின்றுவிடும். அதற்காக வந்தவருக்கு அந்த வேலையைக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் இந்தக் கணக்கில் அமெரிக்கர்கள்தான்.

"பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் பொருந்தமாட்டார்கள்" என்று வக்கீல் ஆபீஸ் பெண் போனில் சொன்னாள். விண்ணப்பங்களை நான் பார்க்கக் கூடாது, இதில் எந்த விதத்திலும் தலையிடக் கூடாது, வெளியே பேசாமல் இருப்பதும் நல்லது என்றாள். சரி சரி என்று தலையாட்டினேன், அவளுக்குத் தெரியப்போவதில்லை என்றாலும்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அங்கேயே புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்து, மூன்று வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தேன். பிறகு இங்கே வந்து மருத்துவப் புள்ளியியல் படித்தேன். வேலை பார்க்க வேண்டிய எச்-ஒன் விசா குலுக்கலில் மூன்றாவது தடவைதான் விழுந்தது. புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கிற ஆய்வுகளுக்குக் கணக்குப் போடுவது என் வேலை. என் கணவர் ஊரில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். இங்கே என்னைச் சார்ந்து வந்தவர் என்பதால், என் ஃபைல் இரண்டாவது படி தாண்டும் வரை அவர் வேலைக்குப் போக முடியாது. மகள் இங்கே பிறந்தாள். அவளுக்குச் சாதம் ஊட்டுவதும் பள்ளிக்கு அனுப்புவதும் மளிகை வாங்குவதுமாக அவருக்கு வருடங்கள் போயின. பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தில் இருந்தோம். எச்-ஒன் ஆறு வருடம்தான். ஐந்தாவது வருடம் முடிவதற்குள் விண்ணப்பம் உள்ளே போயிருந்தால் அதற்கு மேலும் நீட்டிக்கலாம். கம்பெனி இழுத்தடித்து, மேலிடத்தில் அனுமதி வாங்கி, விளம்பரம் கொடுத்தபோது எனக்கு ஐந்தாவது வருடம் பாதி கழிந்திருந்தது.

அதே வளாகத்தில், குளத்துக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தில் என் தோழி இருந்தாள். மளிகைக் கடையில் நான் அம்மாவிடம் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "நீங்க திருநெல்வேலியா?" என்று கேட்டாள். அவளுக்கு மேலப்பாளையம். அவளும் புள்ளியியல்தான், வேறொரு மருந்துக் கம்பெனியில் என்னைப் போன்ற வேலைதான் என்று தெரிந்தபோது இரண்டு பேரும் முருங்கைக்காய்த் தட்டுக்கு முன்னால் நின்று சிரித்தோம். அன்றிலிருந்து நாலு வருடம். பெருநாளைக்கு அவள் வீட்டு பிரியாணி எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு நான் முறுக்கும் கேக்கும் கொண்டுபோவேன்.

அவளுக்குக் கிரீன் கார்டு இருந்தது. கணவரின் ஐ.டி. கம்பெனி அவருக்காக ஃபைல் போட்டது. வரிசை பிறந்த நாட்டை வைத்து என்பதால், இந்தியாவில் பிறந்தவர்கள் முடி நரைக்கிற வரை காத்திருக்க வேண்டும். இவள் பிறந்தது சவூதியில். மனைவி பிறந்த நாட்டை வைத்துக் கணவருக்கும் கொடுக்கலாம் என்று ஒரு விதி. இரண்டு பேருக்கும் சீக்கிரமே வந்துவிட்டது.

"எங்க வாப்பா எனக்குக் குடுத்த ஒரே சொத்து, தம்மாம் ஆஸ்பத்திரி பர்த் சர்டிபிகேட்தான்" என்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, நானும் சவூதியில் பிறந்திருந்தால் எந்த வருடம் கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கணவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் சிறுநீரகம் மாற்றினார்கள். அதன் பிறகு முழு நேர வேலை அவரால் முடியவில்லை. வீட்டிலிருந்தே சின்னச் சின்ன கான்ட்ராக்ட் வேலைகள் செய்தார். தினமும் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். அதற்கெல்லாம் மருத்துவ இன்சூரன்ஸ் அவள் வேலையில் இருந்து வந்தது.

அந்த வசந்தத்தில் அவள் கம்பெனி, புள்ளியியல் பிரிவையே மூடியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீடியோ காலில் எல்லாரையும் வரச்சொல்லி, பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார்கள். இன்சூரன்ஸ் இன்னும் சில மாதம் வரும். பிறகு தாங்களே கட்ட வேண்டும், அது அவர்களால் தாங்கக்கூடியது இல்லை.

அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஏட்டி, உங்க ஆபீஸ்ல ஏதாவது ஓப்பனிங் இருக்கா? கான்ட்ராக்ட்னாலும் பரவாயில்ல."

"ஹயரிங் ஃப்ரீஸ் போட்ருக்காங்க" என்றேன். அது உண்மை. புதிதாக ஒரு இடமும் இல்லை. விளம்பரம் பற்றிச் சொல்லவில்லை. வக்கீல் சொன்னது ஒரு காரணம். இன்னொன்று, என் நாற்காலிக்கு ஆள் கேட்டுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள் என்று அவளிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் அதற்கு விண்ணப்பிப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், கையில் ஒரு தாளோடு வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. தலையில் போட்டிருந்த துப்பட்டா காற்றில் நழுவியதைக்கூடச் சரிசெய்யாமல் வந்திருந்தாள்.

"உங்க கம்பெனிலேர்ந்து இன்டர்வியூ கால் வந்துருக்கு! ஃப்ரீஸ்னு சொன்னியே, பாரு, ஸ்டேட் வெப்சைட்ல கிடந்துச்சு. உன் மேனேஜர் உங்கிட்டயே சொல்லல பாத்தியா?"

தாளை வாங்கினேன். காபி மெஷின் பக்கத்தில் இருந்த அதே வரிகள்.

"எப்ப அப்ளை பண்ண?"

"மூணு வாரம் ஆச்சு. உன்ட்ட சொன்னா ரெஃபர் பண்ண முடியலியேன்னு நீ சங்கடப்படுவ. அதான் நானே அனுப்பிட்டேன்."

அவள் கணவரின் ஃபைலுக்கு விளம்பரம் கொடுத்ததெல்லாம் அவருடைய ஆபீஸில் நடந்தது. அவள் பார்த்ததில்லை. அரசாங்கத் தளத்தில் இருக்கிற வேலை நிஜ வேலை என்று நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள்?

என் கணவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். இரண்டு கப்பையும் மேஜையில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நேர்காணலுக்கு என்னென்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள். நான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். எந்த முறையை எங்கே பயன்படுத்துவோம், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அறிக்கை எப்படி எழுதுவோம், மேனேஜர் எப்படிப்பட்ட மனிதர், எல்லாம். அவள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசியில் தாளில் ஒரு வரியைத் தொட்டாள்.

"இந்த அடாப்டிவ் டிசைன் ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்னு போட்ருக்கே? இதுல நெறைய கேப்பாங்களா?"

ஆய்வு பாதியில் இருக்கும்போதே, அதுவரை வந்த முடிவுகளை வைத்து ஆய்வின் அமைப்பையே மாற்றுகிற முறை அது. என் வேலையின் நடுக்கம்பம் அதுதான். மற்றதெல்லாம் எந்த மருத்துவப் புள்ளியியல்காரருக்கும் தெரியும். யாரையாவது தகுதி இல்லை என்று சொல்ல முடியுமென்றால் இந்த ஒரு வரியில்தான் முடியும்.

"அதெல்லாம் சும்மா போட்டிருப்பாங்க" என்றேன். "பெருசா கேக்க மாட்டாங்க."

அவள் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள், விட்டுவிடலாம் என்பதற்கு.

பிறகு டீயைக் குடித்துக்கொண்டே சொன்னாள். "டெக்சாஸ்ல ஒரு ஆஃபர் வந்துருக்கு, காப்பெல் பக்கம். நல்ல இடம்தான். ஆனா இவரோட டாக்டர் எல்லாம் இங்கல்ல இருக்காங்க? அங்க போயி எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். உங்க கம்பெனி கெடச்சா இங்கயே இருந்துரலாம். அவங்கள்ட்ட ரெண்டு வாரம் டைம் கேட்ருக்கேன். நீ என்ன சொல்ற?"

டெக்சாஸுக்கு இன்றைக்கே சரி என்று சொல் என்று நான் சொல்லியிருக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் போதும்.

"உன் இஷ்டம்தான்" என்றேன்.

அவள் போன பிறகு என் கணவர் வெளியே வந்தார்.

"சொல்லிரும்மா" என்றார்.

"என்னன்னு சொல்ல? இன்டர்வியூவுக்குப் போகாதன்னா? நான் இதுல தலையிடவே கூடாதுன்னு சொல்லிருக்காங்க. தெரிஞ்சா கேஸே போயிரும்."

"அவங்களுக்கு அந்த வேலை கெடைக்காதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப அதையாவது சொல்லு."

கப்புகளை எடுத்துக் கழுவினேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என் ஃபைல் நகர்ந்தால்தான் அவரால் மறுபடியும் ஒரு வகுப்பறைக்குள் போக முடியும். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அவரும் அதோடு நிறுத்திக்கொண்டாரோ என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். கேட்டதில்லை.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. மேனேஜர் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். என் இடத்தில் இருந்து அவர் முதுகும் திரையின் ஒரு ஓரமும் தெரியும். முக்கால் மணி நேரம் என்று நாள்காட்டியில் இருந்தது. ஒன்றேகால் மணி நேரம் போனது. நடுவில் அவர் எழுந்து வெள்ளைப் பலகையில் ஏதோ வரைந்தார், திரும்பித் திரையைப் பார்த்தார், தலையை ஆட்டிச் சிரித்தார். அவர் சாதாரணமாகச் சிரிக்கிற ஆள் இல்லை. என் திரையில் இருந்த எண்களை நான் பார்த்தபடியே இருந்தேன். ஒரு வரிகூட முன்னே போகவில்லை.

எட்டு நாள் கழித்து வக்கீலிடமிருந்து மெயில் வந்தது. தகுதியுள்ள ஒரு அமெரிக்கப் பணியாளர் விண்ணப்பித்திருப்பதால் இந்த விண்ணப்பத்தைத் தொடர முடியாது, ஆறு மாதம் கழித்து மறுபடியும் முயலலாம். ஆறு மாதம் கழித்து என்றால் என் கெடு தாண்டிவிடும். அதையும் அடுத்த வரியில் மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். வயதான வெள்ளைக்காரர், நேர்மையானவர். வந்தவரைப் பற்றி என்னிடம் பேசக் கூடாது என்று ஆரம்பித்துவிட்டு, மேஜையைப் பார்த்துக்கொண்டே, தன்னால் பொய் எழுத முடியவில்லை என்று மட்டும் சொன்னார். நான் தலையசைத்தேன். அவரிடம் கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை. பொய் சொன்னவள் நான். அதுவும் பலிக்காத பொய்.

அவள் மட்டும் காத்துக்கொண்டிருந்தாள். வளாகத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் ரிப்ளை வரலடி, உன் மேனேஜர் எதுவும் சொன்னாரா?" என்பாள். எனக்குத் தெரியாது என்பேன். இன்டர்வியூ ரொம்ப நன்றாகப் போனதாகச் சொன்னாள். டெக்சாஸ்காரர்கள் இரண்டாவது தடவை கேட்டபோது இன்னும் ஒரு வாரம் கேட்டாள். அவர்கள் தரவில்லை. வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அதை என்னிடம் சொன்னபோதுகூட, "போகட்டும், இது வந்துரும்" என்றாள். இவ்வளவு நடந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த நாட்களைத்தான் என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை. அப்போது என் ஃபைல் மூடியாகிவிட்டது. காப்பாற்றிக்கொள்ள எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கடைசியில் அவளுக்கு இரண்டு வரி மெயில் வந்தது. இந்தப் பதவியை இப்போது நிரப்பப்போவதில்லை, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

அன்று சாயங்காலம் எனக்கு போன் செய்து, "கீழ வா" என்றாள். குளத்தைச் சுற்றிய நடைபாதையில் நின்றிருந்தாள். வாத்துகள் புல்வெளியெல்லாம் அசிங்கம் பண்ணி வைத்திருந்தன. பார்த்துப் பார்த்துக் கால் வைத்து அவளிடம் போனேன்.

"இவர்ட்ட அந்த மெயிலைக் காட்டினேன்" என்றாள். "விளம்பரத்தையும் காட்டுன்னார். படிச்சு முடிக்கல, சிரிச்சுட்டார். இது கிரீன் கார்டு ஃபைலுக்குப் போடுற விளம்பரம், உனக்கு இதுகூடத் தெரியாதான்னார்." என் பக்கம் திரும்பினாள். "அது உன் ஃபைலா?"

"ஆமா."

"என்னாலதான் நின்னு போச்சா?"

"ஆமா."

அவள் கண் கலங்கியது. எனக்காகத்தான் முதலில் கலங்கியது என்பதை நான் பார்த்தேன். "ஏட்டி, சொல்லிருந்தா நான் அப்ளை பண்ணிருக்கவே மாட்டேனே. வித்ட்ராவாவது பண்ணிருப்பேனே. ஏன்டி சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாங்க" என்றேன்.

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். திரும்பி இரண்டடி நடந்தவள் நின்றாள்.

"அடாப்டிவ் பத்திக் கேக்க மாட்டாங்கன்னு சொன்னியே?"

நான் குளத்தைப் பார்த்தேன்.

"பாதி நேரம் அதையேதான் கேட்டாரு உன் மேனேஜர். பழைய ஆபீஸ்ல ரெண்டு ஸ்டடி பண்ணிருந்ததால தப்பிச்சேன். அது தெரியாமச் சொன்னியா, தெரிஞ்சு சொன்னியா?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரியாமல் சொன்னேன் என்று சொன்னால் நம்பியிருப்பாள், நம்பத் தயாராகத்தான் நின்றாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துப்பட்டாவை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"டெக்சாஸ் பத்தியும் உன்ட்டதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. மளிகைக் கடையில் ஒரு தடவை எதிரெதிரே வந்தோம். என் மகள் "ஆன்ட்டி!" என்று ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள், தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். "வை இஸ் ஆன்ட்டி மேட்?" என்று மகள் கேட்டாள். ஆன்ட்டிக்கு அவசரம் என்றேன்.

எங்கள் விசா முடிவதற்கு முன்னால் கம்பெனி எனக்குப் பெங்களூர் அலுவலகத்தில் இடம் கொடுத்தது. அதே ஆய்வுகள், அதே மேனேஜர், வீடியோவில். பெட்டி கட்டும்போது ஒரு கடிதம் எழுதி அவள் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டேன். தெரிந்துதான் சொன்னேன் என்று எழுதியிருந்தேன். பயந்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. வரும் என்று நினைத்துப் போடவும் இல்லை.

பெங்களூரில் என் கணவருக்குக் கல்லூரி வேலை கிடைக்கவில்லை. இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு நேர்காணலிலும் கேட்டார்கள். இப்போது ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். மகளுக்குக் கன்னடம் வரவில்லை, தமிழ் புரிந்தும் பேசுவதில்லை. பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக உட்காருகிறாள் என்று அவள் டீச்சர் எழுதி அனுப்பினார்.

தோழியின் கணவரும் என் கணவரும் எப்போதாவது போனில் பேசிக்கொள்வார்கள். ஆண்களுக்குள் அது எப்படியோ அறுந்துபோகவில்லை. வேலை இல்லாமல் ஏழெட்டு மாதம் ஓடி, கடைசியில் அவளுக்கு டெக்சாஸிலேயே, பிளானோவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிடைத்தது. மருந்து ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவள் படித்ததில் பாதி அங்கே தேவையில்லை. அதற்குள் அவர்களுடைய பழைய இன்சூரன்ஸ் முடிந்திருந்தது. இடையில் மாத்திரைகளை எப்படிச் சமாளித்தார்கள் என்று என் கணவர் கேட்கவில்லை, அவள் கணவரும் சொல்லவில்லை. மாற்றிய சிறுநீரகம் இப்போது சரியாக வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் அவள்தான் டோல்வே நெடுஞ்சாலையில் காரோட்டி அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆபீஸ் போகிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் அவள் கணவரோடு பேசப் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மகளின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். அங்கே பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"யாரு?"

அவர் என் கணவரின் பெயரைச் சொன்னார்.

"ம்" என்றாள். பாத்திரம் ஒன்றை எங்கோ வைக்கிற சத்தம் வந்தது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது. அவர்கள் இரண்டு பேரும் டெக்சாஸ் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.